நகரம் வளரப் போகிறது: வெளியேயா, உள்ளேயா, புதிதாகவா?

1666 செப்டம்பரில் லண்டன் நகரத்தின் பெரும்பகுதி நான்கைந்து நாளில் எரிந்து போனது. 13,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாகின. தீ அணைந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் கிறிஸ்டோபர் ரென் என்ற கட்டடக் கலைஞர் புதிய வரைபடத்தோடு மன்னரைப் பார்க்கப் போனார். நேரான அகலச் சாலைகள், அவை கூடும் இடங்களில் சதுக்கங்கள் என்று அழகான திட்டம். நிலம் வெறுமையாகக் கிடக்கிறது, கையில் வரைபடம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஆனாலும் அது நடக்கவில்லை. வீடுகள் எரிந்திருந்தன, எல்லைக்கோடுகள் எரியவில்லை. யார் மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கு அப்படியே இருந்தது; அவரவர் தம் மனையில் திரும்பக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சில தெருக்களை அகலப்படுத்தினார்கள், மரத்துக்குப் பதில் செங்கல்லால் கட்டச் சொன்னார்கள். தெருக்களின் போக்கு பெரும்பாலும் பழையபடியே நின்றது.

நகர வளர்ச்சி பற்றிய எந்த விவாதத்திலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சம்பவம்தான். கட்டடத்துக்கு ஆயுள் ஐம்பது, அறுபது வருஷம். அதன் பயன்பாடு அதற்குள்ளேயே பலமுறை மாறும்: வீடு கடையாகும், ஆலை அலுவலகமாகும். தெருவும் மனை எல்லையும் அப்படியல்ல. ஒருமுறை விழுந்த கோடு நூற்றாண்டுகள் நிற்கும். இத்தாலியின் லூக்கா நகரில் ரோமானியர் காலத்து அரங்கம் ஒன்று இருந்தது. அரங்கம் போய்விட்டது, அதன் நீள்வட்ட வடிவத்திலேயே வீடுகள் சுற்றி நிற்கின்றன.

சரி, ஒரு நகரத்தில் அடுத்த முப்பது வருஷத்தில் இன்னும் பல லட்சம் பேர் குடியேறப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு இடம் எங்கே? வெளியே விரியலாம். இருக்கும் ஊருக்குள்ளேயே நெருக்கிக் கட்டலாம். தள்ளிப்போய்ப் புதிய நகரம் ஒன்றை எழுப்பலாம். ரயில் பாதையை ஒட்டி விரல்போல நீட்டலாம். செலவு, வேகம், பயண நேரம் என்று எத்தனையோ அளவுகோல்களால் இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் ஒரு கேள்வியை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்: முடிவு தப்பாகிப் போனால் பின்னால் திருத்திக்கொள்ள முடியுமா?

வெளியே விரிவது

விரிவதை எதிர்ப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒப்பீடு அமெரிக்காவின் அட்லாண்டாவும் ஸ்பெயினின் பார்சிலோனாவும். நகர ஆய்வாளர் அலன் பெர்டோ போட்ட கணக்கு இது. 1990-ல் இரண்டிலும் மக்கள்தொகை ஏறத்தாழ சமம்: அட்லாண்டாவில் 25 லட்சம், பார்சிலோனாவில் 28 லட்சம். கட்டடங்கள் பரவியிருந்த பரப்போ, பார்சிலோனாவில் 162 சதுர கிலோமீட்டர், அட்லாண்டாவில் 4,280. பார்சிலோனாவில் அறுபது சதவீதம் பேர் ஏதாவது ஒரு மெட்ரோ நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் வசித்தார்கள். அதே வசதியை அட்லாண்டாவில் தர வேண்டுமானால் 3,400 கிலோமீட்டர் பாதையும் 2,800 நிலையங்களும் வேண்டும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அதாவது, எந்தக் காலத்திலும் முடியாது. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, குப்பை வண்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆளுக்கு ஆள் தூரம் கூடக் கூட, தலைக்கு இத்தனை மீட்டர் குழாய் என்ற கணக்கும் கூடும்.

இதை வைத்து விரிவதே தப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஏனென்றால் அந்தப் பார்சிலோனாவே ஒரு பிரமாண்டமான விரிவாக்கத்தின் விளைவு.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த நகரம் மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தது. வெளியே பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை கட்டடம் கட்ட ராணுவம் விடவில்லை. உள்ளே நெரிசல், காலரா. 1854-ல் மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். இல்டெஃபோன்ஸ் செர்டா என்ற பொறியாளரின் விரிவாக்கத் திட்டத்துக்கு 1859-ல் ஒப்புதல் கிடைத்தது. பழைய ஊரைப்போலப் பல மடங்கு பெரிய வெற்று நிலத்தின்மேல் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டமும் சுமார் 113 மீட்டர், தெரு 20 மீட்டர் அகலம், மூலைகளைச் சாய்வாக வெட்டிவிட்டது. ‘இவ்வளவு அகலத் தெரு எதற்கு?’ என்ற கேள்வி அன்றைக்கு எழாமலா இருந்திருக்கும்?

அவர் திட்டத்தில் பாதி நிறைவேறவில்லை என்பது இன்னும் சுவாரசியம். கட்டத்தின் இரண்டு பக்கங்களில் மட்டும் கட்டடம், நடுவில் தோட்டம் என்பது அவர் கனவு. மனைக்காரர்கள் நான்கு பக்கமும் கட்டினார்கள், உயரத்தையும் ஏற்றினார்கள், தோட்டத்திலும் பட்டறை போட்டார்கள். கட்டடம் பற்றிய விதிகள் ஒவ்வொன்றாய் வளைந்தன. தெரு மட்டும் வளையவில்லை. அந்த 20 மீட்டர்தான் பிற்பாடு வந்த அத்தனை அடர்த்தியையும் தாங்கியது.

நியூயார்க்கும் இதையே செய்தது. 1811-ல் மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் ஒரு லட்சத்துக்கும் குறைவானவர்கள் வசித்தபோது, 155-ஆவது தெருவரை வரைபடத்தில் கோடு போட்டுவிட்டார்கள். அந்த நிலத்தில் பெரும்பகுதி அப்போது பண்ணையும் பாறையும். நூறு வருஷம் கழித்து, 1910-ல், தீவில் 23 லட்சம் பேர் இருந்தார்கள். இன்றைக்கு அது 17 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. குடிசைபோல் நெரிந்த அடுக்கு வீடுகள் போய் வானளாவிகள் வந்தன, தொழிற்கூடங்கள் போய் ஓவியக் கூடங்கள் வந்தன. தெரு அதேதான். ஆனால் அந்தத் திட்டத்தில் பெரிய பூங்காவுக்கு இடம் விடவில்லை. அதன் விலை நாற்பது வருஷம் கழித்துத் தெரிந்தது. 1853-ல் சென்ட்ரல் பார்க்குக்கு நிலம் எடுக்கச் சட்டம் போட்டார்கள். அங்கே குடியிருந்த 1,600 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். கறுப்பினத்தவர் சொந்த நிலத்தில் கட்டி வாழ்ந்த செனெக்கா வில்லேஜ் என்ற குடியிருப்பும் அதில் அழிந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்தால் யார் மிதிபடுவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆக, விரிவு இரண்டு வகை. தெருவும் பொது நிலமும் முன்னே, வீடு பின்னே என்பது ஒன்று. வீடு முன்னே, தெரு ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது இன்னொன்று. இரண்டாவதில் ஒவ்வொரு வயலும் தனித்தனி லேஅவுட்டாக மாறும். ஒவ்வொருவரும் தன் மனைகளுக்குப் போதுமான உள்தெரு போடுவார்கள். பேருந்து போகிற சாலையை யாரும் போடமாட்டார்கள், ஏனென்றால் அது யாருடைய லாபக் கணக்கிலும் வராது. ஒரு லேஅவுட்டின் தெரு அடுத்ததன் மதிலில் முட்டி நிற்கும். ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான யுஎன்-ஹாபிடாட், நகர நிலத்தில் குறைந்தது 30 சதவீதம் தெருவுக்கு வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. தானாக முளைக்கும் புறநகர்களில் இது எட்டாக் கனி.

முன்கூட்டியே தெருவுக்கு நிலம் எடுப்பது எப்படி? கையகப்படுத்தினால் வழக்கு, பணம், ஆண்டுக்கணக்கில் இழுபறி. சாலைக்கோடு யார் வயலில் விழுகிறதோ அவருக்கு நஷ்டம். பக்கத்து வயல்காரருக்குச் சும்மா கிடைக்கும் லாபம். இந்த அநியாயத்துக்கு ஒரு மாற்று வழி நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. 1902-ல் பிராங்பர்ட் மேயர் ஃபிரான்ஸ் அடிக்கெஸ் கொண்டுவந்த சட்டம் அது. நிலக்காரர்கள் எல்லோரும் நிலத்தை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். தெரு, பூங்காவுக்குப் போக மிச்சத்தை ஒழுங்கான மனைகளாக்கி அவரவர் பங்கைத் திருப்பித் தர வேண்டும். நில மறுசீரமைப்பு, லேண்ட் பூலிங் என்று இன்று சொல்வதன் மூலவடிவம்.

இதை விரிவாகச் செய்து காட்டியது ஜப்பான். அந்நாட்டின் நகர்ப்புறப் பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் இப்படி உருவானது. நிலக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அவர்களிடம் மொத்த நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்ற சம்மதம் இருந்தால் சங்கம் அமைத்துத் தொடங்கலாம். ஒவ்வொருவருடைய நிலத்திலும் ஒரு பகுதி குறையும். அதில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்துவைத்து விற்று, சாலை, குழாய்ச் செலவைச் சமாளிப்பார்கள். கையில் மிஞ்சும் மனை சிறியது, ஆனால் சாலை முகப்புள்ளது, மதிப்பு கூடியிருக்கும். 1923 நிலநடுக்கத்தில் எரிந்த தோக்கியோவில் 3,000 ஹெக்டேருக்கு மேல் இந்த முறையில் மறுபடி வகுத்தார்கள். லண்டனால் செய்ய முடியாததைத் தோக்கியோ செய்தது என்றே சொல்லலாம்.

குறை இல்லாமல் இல்லை. நிலம் உள்ளவனுக்குத்தான் இங்கே பேச்சு. வாடகைக்கு இருப்பவன், குத்தகைக்கு உழுபவன் யாரும் பங்குதாரர் ஆவதில்லை. பேச்சுவார்த்தை பல வருஷம் இழுக்கும். ஏற்கெனவே வீடுகள் நெருங்கிவிட்ட இடத்தில் தொடங்கினால் தலைவலி பத்து மடங்கு. வயலாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

வேலி போடுவது

விரியவே விடாமல் ஊரைச் சுற்றி, கட்டடம் கட்டக் கூடாத பசுமை வளையம் போடலாம் என்பது தனியான தேர்வு போலத் தெரியும். உண்மையில் அது மற்ற தேர்வுகளில் ஒன்றைக் கட்டாயமாக்கும் ஏற்பாடு மட்டுமே. லண்டனைச் சுற்றியுள்ள பசுமை வளையம் லண்டனைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பெரியது. ஊர் ஒட்டி வளர்வது நின்றது, சரி. வீடு தேடுபவர்கள் வளையத்தைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் குடியேறி, தினமும் வளையத்தைக் கடந்து வேலைக்கு வருகிறார்கள். தென்கொரியத் தலைநகர் சோல் 1971-ல் வளையம் போட்டது. 1989-ல் வீட்டுத் தட்டுப்பாடு தாங்காமல் புண்டாங், இல்சான் போன்ற புதுநகரங்களை அறிவித்தபோது அவற்றில் சில வளையத்துக்கு அந்தப் பக்கமே அமைந்தன.

அமெரிக்காவின் போர்ட்லாந்து போட்ட கோடு கொஞ்சம் புத்திசாலித்தனமானது. 1973-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படி 1979-ல் எல்லை வகுத்தார்கள். ஆனால் எல்லைக்குள் எப்போதும் இருபது வருஷத் தேவைக்கான நிலம் இருக்க வேண்டும், சில வருஷத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து நகர்த்த வேண்டும் என்பது விதி. நகரும் வேலியோடு வாழலாம். நகராத வேலி போட்டு, உள்ளே மாடி ஏறவும் விடாத நகரம் வாடகையை ஏற்றிவிட்டு விலகி நிற்கிறது. ஏரி, ஆற்றுப் படுகை, சதுப்பு நிலம் இவற்றைக் காப்பது வேறு விஷயம். அங்கே கோடு நகரவே கூடாது. எல்லாப் பச்சையும் ஒன்றல்ல என்பதை வரைபடத்தில் ஒரே நிறம் அடிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

உள்ளே அடர்வது

இருக்கும் சாலை, இருக்கும் குழாய், இருக்கும் பள்ளி. அதைப் பயன்படுத்திக்கொண்டு மேலும் சில தளங்கள். காகிதத்தில் இதைவிட மலிவானது கிடையாது. அடர்த்தி என்றவுடன் முப்பது மாடிக் கோபுரம் கண்முன் வருகிறது, அதுவும் அவசியமில்லை. பாரிஸ் நகராட்சி எல்லைக்குள் 105 சதுர கிலோமீட்டரில் சுமார் 21 லட்சம் பேர் இருக்கிறார்கள்; பெரும்பாலான கட்டடங்கள் ஆறு, ஏழு மாடிதான். கோபுரத்தைச் சுற்றிப் பெரிய காலியிடம், வாகன நிறுத்தம் என்று விட்டுவிட்டால், உயரத்தில் சம்பாதித்த அடர்த்தி தரையில் கரைந்துபோகும். எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்புக் கட்டலாம் என்ற விகிதம்) எவ்வளவு என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

எங்கே அனுமதிப்பது என்பதில் இரண்டு பாணி. பிரதான சாலையோரம் நாலு இடத்தில் மட்டும் எஃப்.எஸ்.ஐ. ஏற்றினால், அந்த நாலு இடத்தின் நில விலை உடனே அதை விழுங்கிவிடும், வீடு மலிவாகாது. பரவலாகக் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றினால் எந்த ஒரு நிலக்காரருக்கும் ஏகபோகம் இருக்காது. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-ல் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அடுத்த ஐந்தாறு வருஷத்தில் ஆண்டுக்கு அனுமதி பெறும் வீடுகளின் எண்ணிக்கை சுமார் இருமடங்கானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் 1998-ல் உள்வட்டச் சாலைக்குள் ஒரு வீட்டுக்கான குறைந்தபட்ச மனை அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 சதுர அடிவரை குறைக்க வழிசெய்தது. பழைய ஒற்றை வீடுகள் நின்ற மனைகளில் மூன்று, நான்கு வரிசை வீடுகள் முளைத்தன. பிடிக்காத தெருக்காரர்கள் மனுப்போட்டு விலக்குப் பெறவும் வழி வைத்திருந்தார்கள். எதிர்ப்பை அமர்த்தியதில் அதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இதன் கஷ்டங்கள் தரைக்குக் கீழேயும் வீட்டுக்கு உள்ளேயும் இருக்கின்றன. நூறு குடும்பத்துக்குப் போட்ட கழிவுநீர்க் குழாயில் நானூறு குடும்பம் சேர்ந்தால் மழைநாளில் தெரியும். இடித்துக் கட்டும்போது வாடகைக்காரர் வெளியே போவார், புதுக் கட்டடத்தின் வாடகைக்குத் திரும்பி வரமாட்டார். இவற்றுக்குப் பணத்தாலும் சட்டத்தாலும் ஓரளவு பதில் உண்டு. பதில் இல்லாதது ஒன்று: மூன்று மீட்டர் சந்து. இரண்டு பக்கமும் ஐந்து மாடி எழுப்பினால் கீழ்வீட்டுக்கு வெளிச்சம் வராது, தீயணைப்பு வண்டியும் வராது. அந்தச் சந்தினை அகலப்படுத்த இரண்டு பக்கமும் வீடு வீடாக இடிக்க வேண்டும். அங்கே அடர்த்தி என்ற தேர்வே கிடையாது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வயலாக இருந்தபோதே யாரோ அதை அடைத்துவிட்டார்கள்.

அதனால்தான் ‘வெளியேயா, உள்ளேயா’ என்ற பட்டிமன்றத் தலைப்பே எனக்கு உறுத்துகிறது. இன்றைக்கு வெளியே போடும் தெருவின் அகலம் நாளைக்கு உள்ளே எவ்வளவு அடரலாம் என்பதன் உச்சவரம்பு.

புதிய நகரம்

அரசியல்வாதிகளுக்கு மிகவும் பிடித்த தேர்வு. நாடா வெட்டலாம், பெயர் வைக்கலாம். லண்டனுக்கு வெளியே 1967-ல் அறிவித்த மில்டன் கீன்ஸ் இரண்டரை லட்சம் பேருக்கு என்று திட்டமிட்டு அதை எட்டியும்விட்டது. எடுத்துக்கொண்ட காலம் சுமார் அரை நூற்றாண்டு. அவசரத்துக்கு உதவாது. பிரேசிலின் புதிய தலைநகர் பிரேசிலியா 1960-ல் திறக்கப்பட்டது, சுமார் ஐந்து லட்சம் பேருக்காக. அதைக் கட்டிய தொழிலாளர்களுக்கு அந்த வரைபடத்தில் வீடில்லை. தலைநகரம் திறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1958-ல், அவர்களுக்காகத் தாகுவாச்சிங்கா என்ற துணைநகரம் உருவாகிவிட்டது. இன்று தலைநகரை உள்ளடக்கிய கூட்டாட்சி மாவட்டத்தில் சுமார் 28 லட்சம் பேர். பெரும்பாலோர் வசிப்பது வரைபடத்தில் வரும் பிரேசிலியாவில் அல்ல, இத்தகைய துணைநகரங்களில். வேலை எங்கே என்று முடிவாகாமல் வீட்டுக்கு மட்டும் நகரம் கட்டினால் அது தூங்குமிடம். அதிகம் யோசிக்கத் தேவையில்லாத தேர்வு என்பது என் கருத்து. பெரும்பாலான நகரங்கள் இதைத் தவிர்க்கலாம்.

தண்டவாளத்தை ஒட்டி

1947-ல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனுக்கு ஒரு திட்டம் வரைந்தார்கள். பழைய ஊர் உள்ளங்கை, புறநகர் ரயில் பாதைகள் ஐந்து விரல், விரலிடுக்கில் வயலும் காடும். இன்றைக்கும் அந்தக் கை வடிவம் தெரிகிறது. காரணம் வரைபடத்தின் அழகு மட்டும் இல்லை. 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகங்கள் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் வர வேண்டும் என்பதுபோன்ற விதிகளும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. வீட்டைவிட அலுவலகம் ரயிலடியில் இருப்பது முக்கியம் என்று புரிந்துகொண்ட விதி அது.

இந்தத் தேர்வின் பெரிய கவர்ச்சி, செலவை நிலமே திருப்பித் தருவது. 1910-ல் ஜப்பானின் ஒசாகா அருகே ஹான்கியூ ரயிலைத் தொடங்கிய கோபயாஷி இச்சிசோ, கூட்டமில்லாத வயல்வெளியில் பாதை போட்டார். ஓரத்து நிலத்தை முன்பே வாங்கி, வீடு கட்டித் தவணையில் விற்றார். 1929-ல் உமேதா முனையத்திலேயே பல்பொருள் அங்காடி திறந்தார். பயணிகளை அவரே உற்பத்தி செய்துகொண்டார் எனலாம். ஹாங்காங் மெட்ரோவும் நிலையங்களின்மேல் கட்டும் உரிமையிலிருந்து சம்பாதிக்கிறது. ரயில் வந்த பிறகு நிலம் வாங்க நினைத்தால் கதை தலைகீழ்: அரசு செலவழிக்கும், ஏறிய மதிப்பு பக்கத்து நிலக்காரர் பைக்குப் போகும். தவிர, ரயிலுக்குக் காத்திருக்காமல் ஊர் வளர்ந்துவிட்டால் விரல்கள் ஒட்டிக்கொண்டு வெறும் உள்ளங்கையாகிவிடும்.

முடிவெடுக்கிறவர் இடத்தில் நான் இருந்தால், முதலில் நகரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். மக்கள்தொகை தேங்கிவிட்ட, தெருக்கள் அகலமான ஊரில் வெளியே ஒரு அங்குலம்கூட வேண்டாம். உள்ளே பரவலாகத் தளர்த்தினால் போதும். இருபது, முப்பது வருஷத்தில் இரட்டிக்கப் போகிற ஊரில் அடர்த்தியை மட்டும் நம்புவது தப்பு. அங்கே முதல் வேலை, ஊருக்கு வெளியே வரப்போகும் பிரதான சாலைகளுக்கும் பூங்காவுக்கும் நீர்வழிக்கும் நிலத்தை இப்போதே ஒதுக்குவது. தார் போட வேண்டியதில்லை, குழாய்கூட அப்புறம் வரட்டும். கோடும் உரிமையும் இருந்தால் போதும். கூடவே உள்ளே மாடி ஏற விடுவது. ரயில் போடுகிற வசதி இருந்தால் அதைத் தயங்காமல் அந்தச் சாலைகளோடு சேர்ப்பேன். புதிய நகரத்துக்கான கோப்பு வந்தால் மேசையின் அடியில் வைத்துவிடுவேன்.

எவ்வளவு நிலம் ஒதுக்குவது என்று தடுமாறும்போது அதிகம் என்ற பக்கமே சாய்வேன். தேவையில்லாத சாலைக்கோட்டைப் பிறகு மனையாக்கலாம்.

செர்டா சாய்வாக வெட்டிவிட்ட மூலைகளில் பல இருபதாம் நூற்றாண்டு முழுக்கக் கார் நிறுத்தும் இடமாகவும் சரக்கு இறக்கும் இடமாகவும் இருந்தன. 2016-லிருந்து பார்சிலோனா சில கட்டங்களை ஒன்றுசேர்த்து உள்தெருக்களில் கார் ஊடுருவதைக் குறைத்து வருகிறது. 2023-ல் கொன்செல் தெ சென்ட் தெருவில் வேலை முடிந்தபோது, மூலைகள் கூடும் சந்திப்புகள் சில மரமும் இருக்கையுமாகச் சதுக்கமாகியிருந்தன. யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை. இடம் 1859-லிருந்தே அங்கே இருந்தது.